இராட்டையடியில் ஒரு பள்ளிக்கூடம்

லித்துவேனிய நாட்டில் மறைக்கல்வி பிழைத்த வரலாறு

நம் பங்கின் யூபிலியை முன்னிட்டு வெளிவரும் இம்மலரின் மற்றப் பக்கங்களில், நம் ஆலயம் எழும்பிய கதையையும், இங்கே உழைத்த குருக்கள், கன்னியர், உபதேசியார்கள் ஆகியோரின் நினைவுகளையும் வாசகர்கள் காண்பார்கள். அவற்றினிடையே, கடல்களுக்கு அப்பாலுள்ள ஒரு சிறு நாட்டின் வரலாற்றுக்கு ஏன் இத்தனை பக்கங்கள் என்ற கேள்வி எழலாம். நியாயமான கேள்விதான்.

யூபிலி என்றால் நாம் முதலில் எண்ணிப் பார்ப்பது கட்டடங்களை. கோபுரம் எப்போது எழுந்தது, மணி எங்கிருந்து வந்தது, தேர் யார் காணிக்கை என்றெல்லாம் கணக்குப் பார்க்கிறோம். ஞாயிறு பூசை முடிந்தபின் பிள்ளைகளை உட்கார வைத்து நடக்கும் மறைக்கல்வி வகுப்பு அந்தக் கணக்கில் வருவதில்லை. நம் பாட்டிமார் ஞானோபதேசம் என்று சொன்ன அந்தச் சிறு வகுப்பே ஒரு திருச்சபையைக் காப்பாற்றியது என்பதற்குச் சான்றாக நிற்கும் நாடு லித்துவேனியா. கோவில்கள் பூட்டப்பட்டன, ஆயர்கள் சிறைப்பட்டனர், பள்ளிகளிலிருந்து சிலுவை இறக்கப்பட்டது. ஆயினும் அங்கே விசுவாசம் மடியவில்லை. அது எவ்வாறு என்பதைப் பங்கு மக்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்கவே இக்கட்டுரை.

கடைசியாகத் திருமுழுக்குப் பெற்ற நாடு

லித்துவேனியா, பால்டிக் கடலோரத்தில் உள்ள நாடு. பரப்பளவில் நம் தமிழ்நாட்டில் பாதி. மக்கள்தொகை முப்பது இலட்சத்திற்கும் குறைவு. தலைநகர் வில்னியுஸ்.

ஐரோப்பாவில் கடைசியாகக் கிறிஸ்துவை ஏற்ற நாடு இதுவே. மிந்தாவ்காஸ் என்ற அரசர் 1251-ல் திருமுழுக்குப் பெற்று, 1253-ல் முடிசூடினார். 1263-ல் அவர் கொலையுண்டபின் நாடு பழைய வழிபாட்டிற்கே திரும்பிவிட்டது. நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, போலந்து நாட்டு அரசியான புனித யாத்விகாவை மணம்புரிந்த யோகைலா மன்னர் 1386-ல் திருமுழுக்குப் பெற்றார். மறு ஆண்டில், அதாவது 1387-ல், லித்துவேனியா நாடாகவே மறையைத் தழுவியது. மேற்கே உள்ள சமோகித்தியா பகுதிக்கு 1413-ல்தான் மறை வந்தது. அப்போதும், அரசர் ஆணையிட்டதால் ஆற்றில் இறங்கித் தலை நனைத்தவர்கள் பலர். உள்ளம் நனைய இன்னும் இருநூறு ஆண்டுகள் பிடித்தன. அந்த வேலையைச் செய்தது கல்வி.

1579-ல் இயேசு சபையார் வில்னியுஸ் நகரில் ஒரு பல்கலைக்கழகத்தை எழுப்பினர். போலந்து மன்னர் ஸ்தேபான் பாத்தோரி அதற்கு உரிமைப் பட்டயம் தந்தார். அதன் முதல் தலைவர் பீட்டர் ஸ்கர்கா என்ற புகழ்பெற்ற மறையுரையாளர். அதே 1579-ல் அதே சபையைச் சேர்ந்த அண்டிரிக் அடிகளார் கொச்சியில் ‘கிரீசித்தியானி வணக்கம்’ என்ற தமிழ் நூலை அச்சிட்டுக்கொண்டிருந்தார் என்பது நம்மை வியக்க வைக்கும் செய்தி.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் நூல் 1578-ல் கொல்லத்தில் வெளியான ‘தம்பிரான் வணக்கம்’. அது ஒரு மறைக்கல்வி நூல். லித்துவேனிய மொழியில் அச்சேறிய முதல் நூலும் மறைக்கல்வி நூலே. 1547-ல் மார்த்தீனாஸ் மஸ்வீதாஸ் என்பவர் அதைக் கோனிக்ஸ்பெர்க் நகரில் அச்சிட்டார். அவர் லுத்தரன் சபையினர். பிரிந்த சகோதரரின் கையால் அந்த மொழி முதல் அச்சு நூலைப் பெற்றது என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும். அந்நூலில் வாசிக்கக் கற்பிக்கும் அகரவரிசையும் இருந்தது. ஆக, அந்த மக்களுக்கு எழுத்தறிவும் மறையறிவும் ஒரே ஏட்டில் வந்தன.

எழுத்துக்கு வந்த தடை

1795-ல் லித்துவேனியாவின் பெரும் பகுதி ரஷியப் பேரரசின் வசமாயிற்று. 1832-ல் வில்னியுஸ் பல்கலைக்கழகம் மூடப்பட்டது. 1863-ல் மக்கள் கிளர்ந்தெழுந்து தோற்றனர். அதற்குப் பின் 1864-ல் தொடங்கி வந்த தண்டனை, உலக வரலாற்றில் அரிதான ஒன்று. லித்துவேனிய மொழியை அதற்குரிய இலத்தீன் எழுத்துகளில் அச்சிடக் கூடாது என்று அரசு விதித்தது. ரஷிய எழுத்துகளில் அச்சிட்டால் மட்டும் அனுமதி. அரசே செபப் புத்தகங்களை ரஷிய எழுத்தில் அச்சிட்டு வழங்கியது. மக்கள் அவற்றைத் தொட மறுத்தனர். எழுத்தை மாற்றுபவர்கள் அடுத்து மறையையும் மாற்றுவார்கள் என்று அவர்கள் அஞ்சினார்கள். அந்த அச்சத்திற்குக் காரணம் இருந்தது.

அக்காலத்தில் சமோகித்தியாவின் ஆயராக இருந்தவர் மோத்தியேயுஸ் வலஞ்சியுஸ். குடியானவக் குடும்பத்தில் 1801-ல் பிறந்தவர். 1850-ல் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். பங்குதோறும் ஒரு பள்ளி என்பது அவருடைய ஆசை. 1858-ல் அவர் தொடங்கிய மதுவிலக்கு இயக்கத்தில் மக்கள் திரள்திரளாகச் சேர்ந்து உறுதிமொழி எடுத்தனர். சாராய வருமானம் சரிந்ததைக் கண்ட அரசு 1864-ல் அவ்வியக்கத்தையே தடை செய்தது. சிறுவர்களுக்காக எளிய கதைகளை எழுதியவரும் இவரே.

எழுத்துத் தடை வந்ததும் ஆயர் வலஞ்சியுஸ் எதிர்த்துப் போர்க்கொடி உயர்த்தவில்லை. எல்லைக்கு அப்பால், அன்று ஜெர்மானியர் ஆட்சியில் இருந்த கிழக்குப் பிரஷியாவில், செபப் புத்தகங்களையும் பாலபாடங்களையும் அச்சிட இரகசியமாகப் பணம் அனுப்பினார். அங்கிருந்து நூல்களைச் சுமந்து எல்லை கடந்து வர ஆள்களை ஏற்படுத்தினார். 1869, 1870-ஆம் ஆண்டுகளில் இந்த ஏற்பாடு வெளிப்பட்டு, பல குருக்கள் நாடு கடத்தப்பட்டனர். 1875-ல் ஆயரும் இறந்தார். ஆனால் வேலை நிற்கவில்லை. குடியானவர்களும் பெண்களும் இளைஞர்களும் அதைத் தம் கையில் எடுத்துக்கொண்டனர்.

இவர்களை லித்துவேனியர் ‘நூல் சுமப்போர்’ என்று பெருமையோடு அழைக்கின்றனர். வைக்கோல் வண்டியின் அடியிலும், தானிய மூட்டையின் நடுவிலும், உடையின் மடிப்பிலும் நூல்கள் இரவோடு இரவாக எல்லை கடந்தன. பிடிபட்டவர்களுக்குச் சிறை அல்லது சைபீரியா. எல்லைக் காவலரின் குண்டுக்கு இரையானவர்களும் உண்டு. யூர்கிஸ் பியெலினிஸ் என்பவர் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் இந்தப் பணியைச் செய்தார். அவர் பிறந்த மார்ச் 16-ஆம் நாளை இன்றும் அந்நாடு நூல் சுமப்போர் நாளாகக் கொண்டாடுகிறது. அவர்கள் சுமந்தவற்றில் மிகுதியானவை செபப் புத்தகங்களே.

வந்த நூலைப் படிக்கக் கற்பித்தது யார்? அரசுப் பள்ளியில் ரஷிய மொழி மட்டுமே. ஆகவே வீடே பள்ளியாயிற்று, தாயே ஆசிரியை ஆனாள். நீண்ட பனிக்கால இரவுகளில் தாய் இராட்டையில் நூல் நூற்றுக்கொண்டிருப்பாள். அருகில் பிள்ளை செபப் புத்தகத்தை விரித்து எழுத்துக் கூட்டும். கை இராட்டையில் இருந்தாலும் கண்ணும் காதும் பிள்ளையிடம் இருக்கும். இந்தக் காட்சியைப் பேத்ராஸ் ரிம்ஷா என்ற சிற்பி 1906-ல் ‘லித்துவேனியப் பள்ளி’ என்ற பெயரில் சிலையாக வடித்தார். மேசையில்லை, கரும்பலகையில்லை, தாயும் சேயும் இராட்டையும் ஒரு நூலும் மட்டுமே. நாற்பது ஆண்டுகள் அந்தப் பள்ளி நடந்தது. 1904-ல் அரசு தோல்வியை ஒப்புக்கொண்டு தடையை நீக்கியது.

மறுபடியும் இருள்

1918 பிப்ரவரி 16-ஆம் நாள் லித்துவேனியா விடுதலை அறிவித்தது. 1926-ல் அங்கே தனி மறைமாநிலம் அமைந்தது. மறு ஆண்டில் திருப்பீடத்துடன் உடன்படிக்கை ஏற்பட்டது. பள்ளிகளில் மறைக்கல்வி முறையாக நடந்தது. இந்த நல்ல காலம் இருபது ஆண்டுகளே நீடித்தது.

1940 ஜூனில் சோவியத் படைகள் நுழைந்தன. உடன்படிக்கை செல்லாது என்றனர். பள்ளிகளிலிருந்து மறைக்கல்வி வெளியேற்றப்பட்டது. கத்தோலிக்கப் பள்ளிகள் அரசுடைமையாயின. 1941 முதல் 1944 வரை ஜெர்மன் நாஜிகளின் கொடிய ஆட்சி. 1944-ல் சோவியத் ஆட்சி திரும்பி வந்து நாற்பத்தைந்து ஆண்டுகள் நிலைத்தது. சோவியத் ஆட்சியில் 1953 வரை ஏறக்குறைய 1,30,000 பேர் சைபீரியா முதலிய இடங்களுக்குக் குடும்பத்தோடு நாடு கடத்தப்பட்டனர். ஆயர் வின்சென்தாஸ் போரிசேவிச்சியுஸ் 1946-ல் சுட்டுக் கொல்லப்பட்டார். பேராயர் மெச்சிஸ்லோவாஸ் ரெய்னிஸ் 1953-ல் சிறையிலேயே இறந்தார். பல முறை சிறை கண்ட ஆயர் தியோபிலியுஸ் மத்துலியோனிஸ் 1962-ல் மறைந்தார். அவர் 2017-ல் வில்னியுசில் முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தப்பட்டார். 1947-ல் நாடு முழுவதிலும் சிறைக்கு வெளியே இருந்த ஆயர் ஒரே ஒருவர். கன்னியர் மடங்கள் கலைக்கப்பட்டன. குரு மடங்களில் கௌனாஸ் நகரில் இருந்த ஒன்றை மட்டும் விட்டுவைத்தனர். அதில் யாரைச் சேர்ப்பது, எத்தனை பேரைச் சேர்ப்பது என்பதையும் அரசே தீர்மானித்தது. வில்னியுஸ் பேராலயம் ஓவியக் கூடமாயிற்று. அந்நகரின் புனித கசிமீர் ஆலயம் நாத்திகக் காட்சிசாலை ஆயிற்று.

இந்த இருளில் ஓர் ஆசிரியையின் கதையைச் சொல்லாமல் செல்ல முடியாது. அதேலே திர்சித்தே, 1909-ல் பிறந்தவர். வில்னியுசில் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் ஜெர்மன் மொழி கற்பித்தவர். 1946-ல் கைதாகிச் சைபீரியத் தொழிற்முகாம்களுக்கு அனுப்பப்பட்டார். அங்கும் அவர் ஆசிரியையாகவே இருந்தார். உடனிருந்த இளம்பெண்கள் மனம் சோர்ந்துவிடாதபடி அவர்களைச் சேர்த்துச் செபிக்க வைத்தார். 1953-ல், மகதான் என்ற பனிப்பாலை முகாமில், தோழியருடன் சேர்ந்து ஒரு செபப் புத்தகத்தைக் கையால் எழுதித் தைத்தார். உள்ளங்கைக்குள் அடங்கும் நூல் அது. களைப்பு, பசி, பிரிவு ஆகிய எல்லாவற்றையும் மாதாவின் காலடியில் வைக்கும் மன்றாட்டுகள் அதில் இருந்தன. அந்தச் சிறு நூல் இரகசியமாக வெளியே வந்து, அமெரிக்காவில் வாழ்ந்த லித்துவேனியரால் 1959-ல் அச்சிடப்பட்டு, பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. ஆசிரியை திர்சித்தே ஊர் திரும்பவில்லை. 1955-ல் சிறைவாசத்திலேயே உயிர் துறந்தார்.

குற்றம்: ஞானோபதேசம் கற்பித்தது

சோவியத் அரசியல் சட்டம் வழிபாட்டுச் சுதந்திரம் உண்டு என்றே எழுதியிருந்தது. கோவிலுக்குச் செல்லலாம்; கிழவிகள் செபமாலை சொல்லலாம். ஆனால் பிள்ளைகளை ஒன்றுகூட்டி மறை கற்பிப்பது குற்றம். புதுநன்மைக்கு வரும் பிள்ளையைக் குருவானவர் ஒருவர் பின் ஒருவராக அழைத்து, செபம் தெரியுமா என்று கேட்டுப் பார்க்கலாம். இருவரை, மூவரைச் சேர்த்து உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தால் சிறை. முதியவர்களை விட்டுவிடலாம், அவர்கள் போய்விடுவார்கள். பிள்ளைகளுக்குக் கிடைக்காமல் செய்தால் ஒரே தலைமுறையில் விசுவாசம் வறண்டுவிடும் என்று ஆட்சியாளர் கணக்கிட்டனர். ஞானோபதேச வகுப்பின் மதிப்பை அவர்கள் நம்மைவிட நன்றாக அறிந்திருந்தார்கள்!

அந்தக் கணக்கைப் பொய்யாக்கியவர்கள் பலர். கலைக்கப்பட்ட மடங்களின் கன்னியர் சீருடையைக் களைந்துவிட்டு, மருத்துவமனைகளிலும் ஆலைகளிலும் பகலில் வேலை பார்த்தனர். மாலையில் விசுவாசிகளின் வீடுகளில் பிள்ளைகளைச் சந்தித்துச் செபம் கற்பித்தனர். இவர் கன்னியர் என்பது அண்டை வீட்டாருக்கும் தெரியாது. பெற்றோர், பாட்டிமார், ஆலயப் பணியாளர் எனப் பலரும் இதில் பங்கு கொண்டனர்.

குருக்களும் பின்வாங்கவில்லை. அந்தானாஸ் ஷெஷ்கேவிச்சியுஸ் அடிகளார் 1970-ல் பிள்ளைகளுக்கு மறை கற்பித்ததற்காக ஓராண்டுச் சிறை பெற்றார். 1971-ல் யோசாஸ் ஸ்தெப்ஸ்கிஸ், ப்ரோஸ்பெராஸ் புப்னிஸ் ஆகிய இரு குருக்கள் அதே குற்றத்திற்காக ஓராண்டுச் சிறை பெற்றனர். ஸ்தெப்ஸ்கிஸ் அடிகளாரின் வழக்கில், புதுநன்மைக்காக அவரிடம் பயின்ற சிறுவர் சிறுமியரே சாட்சிகளாக அழைக்கப்பட்டனர். தமக்கு ‘பரலோகத்திலிருக்கிற’ செபம் சொல்லித் தந்தவருக்கு எதிராகப் பேசும்படி அந்தப் பிஞ்சுகளை நிறுத்தினர். நீதிமன்றத்திற்கு வெளியே கூடிய பங்கு மக்கள் விரட்டியடிக்கப்பட்டனர். நம் பிள்ளை ஒன்று அப்படிக் கூண்டருகே நிற்பதாக எண்ணிப் பார்ப்போம். உள்ளம் பதறுகிறதல்லவா?

அவ்வாண்டின் இறுதியில் லித்துவேனியக் கத்தோலிக்கர் ஒரு விண்ணப்பம் எழுதினர். குருக்கள் சிறைப்படுவதையும், பிள்ளைகளுக்கு மறை கற்பிக்க இயலாமையையும், ஆயர்கள் நாடு கடத்தப்பட்ட நிலையில் வாழ்வதையும் அதில் கூறினர். 17,000-க்கும் மேற்பட்டோர் தம் சொந்தப் பெயரைக் கையொப்பமாக இட்டனர். கையொப்பமிட்ட ஒவ்வொருவரும் வேலையை இழக்கலாம் என்ற நாள்கள் அவை. சோவியத் தலைவர் பிரெஷ்னேவுக்கு எழுதப்பட்ட அவ்விண்ணப்பம், 1972-ல் ஐக்கிய நாட்டுச் சபையின் பொதுச் செயலர் கூர்ட் வால்ட்ஹைம் வழியாக அனுப்பப்பட்டது.

கையால் தட்டிய ஏடு

1972 மார்ச் 19, புனித சூசையப்பர் திருநாள். சிம்னாஸ் என்ற சிற்றூரில் உதவிப் பங்குக் குருவாக இருந்த சிகித்தாஸ் தம்கேவிச்சியுஸ் என்ற இளங்குரு, ‘லித்துவேனியக் கத்தோலிக்கத் திருச்சபையின் குறிப்பேடு’ என்ற இரகசிய இதழைத் தொடங்கினார். அதன் முதல் இதழிலேயே மேலே சொன்ன வழக்குகளின் விவரம் வெளியாயிற்று.

அச்சகம் இல்லை. கார்பன் தாள்களை இடையிட்டுத் தட்டச்சுப் பொறியில் அடிப்பார்கள். அடியில் உள்ள படி மங்கலாகத்தான் விழும். படித்தவர் அடுத்தவரிடம் தர வேண்டும். இயன்றவர் மறுபடி தட்டச்சு செய்ய வேண்டும். பெரிய தத்துவங்கள் அதில் இல்லை. இன்ன ஊரில் இன்ன பள்ளியில், பூசைக்குச் சென்றதற்காக இன்ன மாணவன் வகுப்பின் முன் நிறுத்தப்பட்டான். பீடச் சிறுவனாக இருந்ததற்காக இன்னவனின் ஒழுக்க மதிப்பெண் குறைக்கப்பட்டது. கோவிலுக்குச் சென்ற ஆசிரியை வேலை நீக்கப்பட்டாள். இப்படிப் பெயரும் ஊரும் நாளும் குறித்த செய்திகள். பொய் ஒன்று புகுந்தாலும் ஏட்டின் மதிப்புப் போய்விடும் என்பதால் ஒவ்வொன்றையும் சரிபார்த்து எழுதினர். திருச்சபைக்குள்ளேயே அஞ்சி ஒடுங்கியவர்களையும், இரகசியப் போலீசுக்கு இணங்கிப் போனவர்களையும் ஏடு மறைக்கவில்லை. எல்லாரும் வீரராக இருந்தனர் என்று சொல்வது வரலாறாகாது.

இதழ்கள் இரகசியமாக மாஸ்கோவுக்குச் சென்று, அங்கிருந்து மேல்நாடுகளை அடைந்தன. பின் வத்திக்கான் வானொலி வழியாக அதே செய்திகள் லித்துவேனிய வீடுகளுக்குள் திரும்பி ஒலித்தன. இதற்கு உதவியவர்களில் ஒருவர் செர்கேய் கோவல்யோவ் என்ற ரஷிய அறிவியலாளர். கத்தோலிக்கர் அல்லாத அவர், மனித உரிமைக்காக நின்றவர். 1975 டிசம்பரில் வில்னியுசில் நடந்த வழக்கில் அவருக்கு ஏழாண்டு முகாம் தண்டனையும் மூன்றாண்டு நாடு கடத்தலும் விதிக்கப்பட்டன.

ஏட்டிற்காகவும் செபப் புத்தகங்களுக்காகவும் சிறை சென்ற பொதுநிலையினர் பலர். இரகசியமாக நூல்களைப் படியெடுத்த பேத்ராஸ் ப்ளும்பா எட்டாண்டு முகாம் தண்டனை பெற்றார். செபப் புத்தகங்களைப் பெருக்கி வழங்கிய போவிலாஸ் பெத்ரோனிஸ் நான்காண்டு பெற்றார்.

இரகசியக் கன்னியரான நியோலே சதூனைத்தே, 1974 ஆகஸ்டு 27 அன்று தம் வீட்டில் பதினோராவது இதழைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது பிடிபட்டார். பாதி அடித்த தாள் பொறியிலேயே இருந்தது. ஒன்பது மாதங்களுக்கு மேல் விசாரித்தும் ஒரு பெயரையும் அவர் வெளியிடவில்லை. 1975 ஜூனில் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் வேண்டாமென்று தாமே பேசினார். உண்மைக்காகவும் மக்கள்மீது கொண்ட அன்பிற்காகவும் தீர்ப்புப் பெறும் அந்நாள் தம் வாழ்வின் இனிய நாள் என்றும், தமக்குத் தீங்கு செய்பவர்களையும் தாம் நேசிப்பதாகவும் கூறினார். மூன்றாண்டு முகாம், மூன்றாண்டு சைபீரிய வாசம். 1980-ல் திரும்பி வந்து மறுபடியும் அதே பணியைத் தொடர்ந்தார். 2024 மார்ச் 31, உயிர்ப்புப் பெருவிழா அன்று இறைவனடி சேர்ந்தார்.

தம்கேவிச்சியுஸ் அடிகளார் 1983-ல் கைதானார். ஆறாண்டு முகாம், நான்காண்டு நாடு கடத்தல் என்று தீர்ப்பாயிற்று. ஆசிரியர் சிறையில் இருந்தும் இதழ் நிற்கவில்லை. வேறு கைகள் தொடர்ந்தன. 1972 முதல் 1989 வரை மொத்தம் 81 இதழ்கள் வெளிவந்தன. உலகின் வலிமைமிக்க உளவுப் படை பதினேழு ஆண்டுகள் தேடியும் அந்தத் தட்டச்சின் ஓசையை அடக்க முடியவில்லை.

கட்டிய கோவிலை இழந்த பங்கு

கோவில் கட்டிய மகிழ்ச்சியில் இருக்கும் நமக்கு, கிளைப்பேதா பங்கின் கதை நெஞ்சைத் தொடும். கிளைப்பேதா ஒரு துறைமுக நகர். போருக்குப்பின் அங்கே கத்தோலிக்கருக்கு ஒரு சிறு கோவிலே இருந்தது. 1950-களின் நடுவில் அரசு சற்றே இளகி, புதுக் கோவில் கட்ட அனுமதி தந்தது. நாடெங்கும் காணிக்கை திரண்டது. மக்கள் தாமே மண் சுமந்து, கல் சுமந்து, சமாதான இராக்கினி ஆலயத்தை 1960-ல் முடித்தனர். திறப்பு விழாவுக்கு நாள் குறித்த வேளையில் அரசு அதைப் பறித்துக்கொண்டது. கோபுரத்தை இடித்துவிட்டு உள்ளே இசையரங்கம் அமைத்தது. கட்டிய குருக்கள் சிறை சென்றனர்.

அந்த மக்கள் மறக்கவில்லை. 1979-ல் ஆலயத்தைத் திருப்பித் தருமாறு 1,48,149 பேர் கையொப்பமிட்டு மாஸ்கோவுக்கு விண்ணப்பம் அனுப்பினர். 1987-ல் திருப்பித் தர அரசு இசைந்தது. கோவில் மறுபடியும் கோவிலாயிற்று. இருபத்தேழு ஆண்டுகள்! புதுக் கோவிலில் திருமுழுக்குப் பெற வேண்டிய குழந்தைகள் அதற்குள் பெற்றோராகிவிட்டனர். ஆனால் அவர்கள் கோவில் எது என்பதை அறிந்திருந்தனர். வீட்டில் யாரோ அவர்களுக்குச் சொல்லி வளர்த்திருந்தார்கள்.

ஷிலுவா என்ற ஊரையும் குறிப்பிட வேண்டும். நம் காதுக்குச் ‘சிலுவை’ என்றே ஒலிக்கிறது; ஒலியளவில் மட்டுமே ஒற்றுமை. 1608-ல் ஆடு மேய்த்த சிறுவர்களுக்குக் கைக்குழந்தையுடன் அழுதுகொண்டு நின்ற மாதா காட்சி தந்ததாக அங்கே மரபு. அங்குச் செல்லும் பாதயாத்திரையை வழிநடத்தியதற்காக, 1980-ல் கன்னியர் கெம்மா ஸ்தனெலித்தே மூன்றாண்டுச் சிறை பெற்றார். ஷௌலெய் நகரருகே உள்ள சிலுவைக் குன்றை அரசு 1961-ல் இயந்திரங்களால் தரைமட்டமாக்கியது. மக்கள் இரவில் வந்து மீண்டும் சிலுவைகளை நட்டனர். எத்தனை முறை அழித்தாலும் அத்தனை முறையும் நட்டனர். 1993 செப்டம்பர் 7-ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் அக்குன்றில் திருப்பலி நிறைவேற்றினார்.

விடிந்த பிறகு

1988-ல் தம்கேவிச்சியுஸ் அடிகளார் விடுதலையானார். 1989 பிப்ரவரியில் வில்னியுஸ் பேராலயம் மறுபடி அர்ச்சிக்கப்பட்டது. 1990 மார்ச் 11 அன்று லித்துவேனியா மீண்டும் விடுதலை அறிவித்தது. பள்ளிகளில் மறைக்கல்வி அல்லது நன்னெறிக் கல்வி என ஒன்றைத் தெரிந்துகொள்ளும் உரிமை கிடைத்தது. இயேசு சபையார் வில்னியுசிலும் கௌனாசிலும் மீண்டும் பள்ளிகளைத் தொடங்கினர். முகாமில் கிடந்த குருவானவர் 1991-ல் ஆயராகவும், 1996-ல் கௌனாஸ் பேராயராகவும், 2019-ல் கர்தினாலாகவும் உயர்ந்தார். 2018 செப்டம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ், ஆயர்களும் குருக்களும் அடைபட்டிருந்த கே.ஜி.பி. சிறைக் கட்டடத்திற்குச் சென்று மௌனமாகச் செபித்தார்.

ஆயினும் கதை இங்கே முடியவில்லை. 2001-ல் எடுத்த கணக்கில் மக்களில் 79 விழுக்காட்டினர் தம்மைக் கத்தோலிக்கர் என்றனர். 2021-ல் அது 74 விழுக்காடாகக் குறைந்தது. பூசைக்கு வருவோர் அதைவிடக் குறைவு. தடை இருந்தபோது பூட்டிய அறையில் செபம் கற்ற நாட்டில், கதவு திறந்தபின் வகுப்பறையை நிரப்புவது எளிதாக இல்லை. துன்பம் செய்ய முடியாததைச் சில வேளை வசதி செய்துவிடுகிறது என்பதை நாம் வருத்தத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும்.

நமக்கு ஒரு வார்த்தை

நம் பங்கில் மறைக்கல்விக்குத் தடை இல்லை. வாசலில் காவலர் இல்லை. நூல்கள் அழகாக அச்சாகி வருகின்றன. ஊதியம் வாங்காமல் ஞாயிறுதோறும் வந்து கற்பிக்கும் ஆசிரியர்களும் உள்ளனர். ஆனாலும் பரீட்சை நெருங்கினால் முதலில் நிறுத்துவது எந்த வகுப்பை? டியூஷனுக்கு நேரம் ஒதுக்கும் நாம், ஞானோபதேசத்திற்கு ஒதுக்குவது எவ்வளவு? இரவுச் செபத்திற்குப் பிள்ளைகளைக் கூட்டிச் சேர்க்கும் வீடுகள் நம் தெருவில் எத்தனை? பிறரைக் குறை கூற இதை எழுதவில்லை. எங்கள் வீடுகளையும் சேர்த்தே கேட்கிறோம்.

யூபிலி நினைவாகப் பெரிய கட்டடம் ஒன்று எழுப்ப வேண்டுமென்று பலரும் கூறுகின்றனர், நல்லதே. அதனோடு ஒவ்வொரு வீட்டிலும் ஓர் இராட்டையடிப் பள்ளியும் எழட்டும். இன்று தாயின் கையில் இராட்டை இல்லாவிட்டாலும் அரிவாள்மணையோ, தையல் பொறியோ இருக்கலாம். தந்தையும் வேலைக் களைப்போடு இருக்கலாம். அந்த நேரத்திலேயே பிள்ளையை அருகில் உட்கார வைத்து ஒரு செபம், ஒரு புனிதர் கதை, ஒரு கேள்வி பதில் சொல்லித் தந்தால் போதும். அந்த வழியாகத்தான் லித்துவேனியாவில் விசுவாசம் தாயிடமிருந்து மகளுக்கும், மகளிடமிருந்து பேத்திக்கும் வந்து சேர்ந்தது.

நம் பங்கின் பாதுகாவலர் நமக்காக மன்றாடுவாராக. நம் பிள்ளைகளின் பிள்ளைகள் அடுத்த யூபிலியைக் கொண்டாடும்போது, கோவிலோடு விசுவாசத்தையும் நாம் அவர்களுக்கு விட்டுச் சென்றோம் என்று சொல்லும்படி இறைவன் நமக்கு அருள்புரிவாராக.